நாலாம் வளைவில் இறங்கிய முள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காரில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் நான். எனக்குப் பக்கத்து இருக்கையில் சிலமலை அக்கா. சிலமலை அவர் ஊர். அறுபதை நெருங்கும் வயது, எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவர். நடுவரிசையில் பாதி சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு மெக்கானிக் அண்ணன். மீதிப் பாதி சீட்டில் என் மனைவி. கடைசி வரிசையில் ராசிங்காபுரத்து அக்காளும் தங்கச்சியும். அவர்களும் காய் எடுக்கிறவர்கள்தான். ஆக ஆறு பேர். அதுபோக மூன்று மணல் மூட்டை. ஒரு மூட்டை போதும் என்றுதான் மெக்கானிக் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் மூன்று ஏற்றினேன்.

மணல் மூட்டை எதற்கு என்றால், சுமை இல்லாமல் ஓட்டினால் அந்தக் கார் தன் கோளாறைக் காட்டாது. போடி கடைத்தெருவில் சாதுவாக ஓடும். அடிவாரத்து முந்தல் வரை ஒரு முனகல் இருக்காது. மலை ஏற ஆரம்பித்து நாலாவது கொண்டை ஊசி வளைவுக்கு வந்ததும் மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறையும். இரண்டு உலுக்கு உலுக்கி நின்றுவிடும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். இன்னும் இரண்டு வளைவு தாண்டினால் மறுபடி அதே கதை.

என் பிழைப்பே அந்தக் கார்தான். மூன்று வரிசை இருக்கை உள்ள பழைய பெட்ரோல் கார், ஃபைனான்ஸில் எடுத்தது. காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேறு எந்தச் சோலியும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. அதனால் இந்தச் சவாரி கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் தினமும் வண்டி எடுக்கும்போதே கூட ஏறி உட்கார்ந்துகொள்ளும். டயரை மூன்று தடவை உதைத்துப் பார்ப்பேன். கதவுகளை இறங்கி வந்து ஒருமுறை தள்ளிப் பார்ப்பேன். "கதவு சாத்தித்தாண்டா இருக்கு அப்பு, நீ ஏறு" என்று சிலமலை அக்கா தினமும் சொல்வார். சொன்னாலும் இறங்கிப் பார்ப்பேன்.

எஸ்டேட்டில் எட்டு மணிக்குப் பேர் எழுதுவார்கள். எட்டைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அரை நாள்தான். அப்போது நாள் கூலி நானூறு. வண்டி வளைவில் நின்றால் இருநூறு ரூபாய் போயிற்று, ஆளுக்கு. கார்த்திகை மாதத்தில், இரண்டு வாரத்துக்குள் நாலு நாள் அப்படிப் போயிற்று. நாலாவது தடவை நின்றது ஒரு சனிக்கிழமை. வழியில் வந்த ஜீப்பை நிறுத்தி ஏறிப் போனவர்கள்கூட எட்டேகாலுக்குத்தான் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசுகிறவர்.

"திங்களாழ்ச்ச எட்டு மணிக்குள்ள வண்டி வந்தா ஓட்டம் ஒனக்கு. இல்லேன்னா ஜீப்புக்காரன்கிட்டச் சொல்லி வச்சாச்சு, கேட்டோ?"

நன்றாகவே கேட்டது.

அதற்குள் போடியில் இரண்டு கடைகளில் காட்டியிருந்தேன். ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் இக்னிஷன் காயிலை மாற்றினார். இரண்டுக்கும் காசு கொடுத்தேன், இரண்டும் சரிப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை, பெண்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகு வண்டியை இறக்கி, மூன்றாவதாகத்தான் இந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் ஷெட். அங்கே கிரீஸ் வாடையும் ஏலக்காய் வாசமும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் யாராவது ஏலக்காயைத் தட்டி டீயில் போட்டால் எனக்குக் கூடவே கிரீஸ் வாடையும் அடிப்பது போல இருக்கும். மனைவியிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

அவர் பிளக்கைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டார்.

"நின்ன எடத்துல பத்து நிமிசம் விட்டா எடுக்குதா?"

"எடுக்குதுண்ணே."

"மேட்டுல மட்டுந்தான்?"

"மேட்டுல மட்டுந்தான். எறக்கத்துல பறக்குது."

"எறக்கத்துல கட்ட வண்டியும் பறக்கும்டா. பெட்ரோல் எங்க போடுற?"

"பாதி பெட்ரோல் பங்க்ல. பாதி எஸ்டேட்லண்ணே. சம்பளத்துல பாதிக்குப் பெட்ரோலாத்தான் தர்றாங்க, மருந்தடிக்கிற மிசினுக்கு வாங்கி வச்சிருக்கிற கேன்லருந்து. ஆனா நான் வடிகட்டித்தான் ஊத்துவேன். சும்மா ஊத்த மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார்.

பிறகு எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். பெட்ரோல் டேங்குக்கு உள்ளேயே ஒரு பம்பு முங்கிக் கிடக்கிறது. அது பெட்ரோலை உறிஞ்சி, ஒரு அழுத்தத்தோடு முன்னால் எஞ்சினுக்குத் தள்ள வேண்டும். சமதரையில் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். சுமையோடு மேடு ஏறும்போது நிறைய வேண்டும். கேட்கிற அளவு வராவிட்டால் அழுத்தம் இறங்கும், எஞ்சின் திணறும். "ஒத்த ஆளுக்குச் சோறு இருக்கு. ஒம்பது பேரு பந்தியில ஒக்காந்தா பத்தல. அம்புட்டுத்தான்."

அழுத்தம் பார்க்கிற மீட்டர் ஒன்று வைத்திருந்தார். வட்டமான முகம், உள்ளே ஒரு முள், வால் மாதிரி ஒரு ரப்பர் குழாய். பானெட்டைத் திறந்து பெட்ரோல் லைனில் அதை மாட்டினார். சாவியைப் போட்டதும் முள் விறுவிறுவென ஏறி நாற்பத்தெட்டில் நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் அதே இடத்தில் நின்றது. லைனில் எங்கேயும் ஒழுகல் இல்லை என்று அதற்கு அர்த்தமாம். நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். முள் இலேசாக ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தது. பெட்ரோல் பில்டரைப் புதிதாக மாற்றினார். அப்போதும் நாற்பத்தெட்டுதான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோயாளி ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் காய்ச்சல் விட்டுவிடுமே, அது மாதிரி.

"இங்க நிறுத்தி வச்சுப் பாத்தா ஒண்ணுந் தெரியாது" என்றார் அண்ணன். "நாளைக்கு வழக்கமா ஏத்துற லோட ஏத்திக்க. மீட்டர முன்கண்ணாடியில ஒட்டிக்கிட்டு மேல ஏறுவோம். வண்டி நிக்கிறப்ப முள்ளு எங்க இருக்குன்னு பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அந்தப் பெண்களுக்கு ஓய்வு. அன்றைக்கு வந்து சும்மா வண்டியில் உட்காருங்கள் என்று எப்படிக் கேட்பது? சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவர்களைக் கூட்டி வந்து இறக்கிவிட்டபோது, பஸ் ஸ்டாண்டில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"லோடுக்கா கூப்புடுற?" என்றார் சிலமலை அக்கா. "ஏப்பு, எங்களப் பாத்தா மூட்ட மாதிரியா தெரியுது?"

"அப்படியில்லக்கா..."

"கூலி உண்டா?"

"காலச் சாப்பாடு வாங்கித் தர்றேன்க்கா."

"ஒன் வண்டிய நம்பி வெறும் வயித்தோட வரவா? நின்ன எடத்துல பசிக்கும். நாங்களே கட்டியாந்துருவோம்."

ஆறு பேரில் மூன்று பேர் வர ஒத்துக்கொண்டார்கள். மற்ற மூன்று பேருக்கு வீட்டில் வேலை. மறுநாள் காலையில் பார்த்தால் மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து நிற்கிறார்கள். ராசிங்காபுரத்து அக்காளும் தங்கச்சியும் தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தார்கள். தினமும் தலையில் துண்டும், மேலே ஆம்பளைச் சட்டையும், முழங்கால் வரை சேறுமாகவே பார்த்துப் பழகிய எனக்கு, வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்றே ஒரு நிமிடம் தோன்றியது.

மீட்டரின் குழாயை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக டேப் போட்டு ஒட்டினார் அண்ணன். அதற்குள் இருப்பது பெட்ரோல் என்பதுதான் எனக்குப் பயம். அவர் நாலு சுற்று ஒட்டியிருந்தார். நான் மேலும் ஆறு சுற்று ஒட்டினேன். குழாய் உரசுகிற இடத்தில் பழைய டியூப் துண்டை வைத்தேன். "போதும்டா, வண்டியவே பார்சல் பண்ணிருவ போலருக்கு" என்றார்.

அவர் முன்னால் உட்கார முடியாது. பம்புக்குப் போகிற வயர் நடு சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்புக்குக் கரண்டு சரியாகப் போகிறதா என்று ஓடும்போதே பார்க்க வேண்டும் என்பதால், கரண்டு மீட்டரோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். முள்ளை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. என் மனைவிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. நான் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

"நகரு ஆத்தா" என்று என் மனைவியைத் தள்ளிவிட்டு சிலமலை அக்கா முன்னால் வந்து ஏறினார். "முள்ளுப் பாக்குறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்."

அது உண்மை. எஸ்டேட்டில் ஒரு அளவுக்கு மேல் காய் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. சாயங்காலம் காயைத் தராசில் தொங்கவிடுவார்கள். முள் ஆடி அடங்குவதற்குள் ஒரு எண்ணைச் சொல்லி எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அக்கா தராசின் முகத்துக்கு நேரே நின்றுகொள்வார். "முள்ளு இன்னும் நிக்கல சார், பொறுங்க" என்பார். ஐம்பது கிராம்கூட அவர் கண்ணிலிருந்து தப்பாது. மற்ற பெண்கள் தங்கள் காயைத் தொங்கவிடும்போதும் அவரைத்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர் என்று அவரே சொல்வார்.

முந்தல் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"நாப்பத்தெட்டு."

பின்னால் தரையிலிருந்து அண்ணன், "இங்க பதிமூணர வோல்ட்டு. கரண்டு சரி" என்றார்.

முதல் வளைவு. "நாப்பத்தேழு. நாப்பத்தேழுதான். நீ ரோட்டப் பாரு அப்பு, முள்ள நான் பாக்குறேன்."

இரண்டாவது வளைவு. "நாப்பத்திநாலு."

எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. ஓரம் கட்டி, மறுபடி முதல் கியர் போட்டு ஏற்றினேன். பின்னால் மணல் மூட்டைகள் சரிந்தன. ராசிங்காபுரத்துத் தங்கச்சி "அம்மாடி!" என்று கத்திவிட்டுச் சிரித்தது.

மூன்றாவது வளைவு. "நாப்பது. முப்பத்தொம்பது. எறங்குது." அக்காவின் குரலில் விளையாட்டு போய்விட்டது. தராசு முன்னால் நிற்கிற குரல் வந்துவிட்டது. "முப்பத்தாறு. முப்பத்திமூணு."

"கரண்டு?" என்றேன் நான்.

"அதே பதிமூணர. மிதி, விடாத" என்றார் அண்ணன். "அக்கா, முள்ளு பொத்துனு விழுதா, மெதுவா எறங்குதா?"

"பொத்துனு விழல. சாக்குல ஓட்ட இருந்தா காய் ஒழுகும்ல, அது மாதிரி. கொஞ்சங்கொஞ்சமா. முப்பது. இருவத்தெட்டு."

"அதான் வேணும்! அதத்தான் கேட்டேன்!"

நாலாவது வளைவில் பாதி திரும்பும்போது வண்டி உலுக்கியது. "இருவத்திரெண்டு" என்றார் அக்கா. வண்டி நின்றது. கல் வைத்தார்களா என்று நான் இறங்கிப் போய் டயரைப் பார்த்தேன். மெக்கானிக் ஏற்கெனவே இறங்கி வைத்திருந்தார். நானும் இன்னொன்று வைத்தேன்.

பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இத்தனை வருடம் கழித்தும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கோளாறு பார்க்கப் போன இடத்தில் சாப்பாட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். புளிச்சோறு, துவையல், வறுத்த மோர்மிளகாய். தடுப்புச் சுவரில் இலையை வைத்து, கீழே போடியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். மஞ்சுமூட்டம் விலகி, தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் இலவமரங்களும் தெரிந்தன. தினமும் இரண்டு தடவை அந்த இடத்தைக் கடந்தவன் நான். ஒரு நாளும் அங்கே இறங்கிக் கீழே பார்த்ததில்லை. நின்றபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன், அல்லது பானெட்டைப் பார்த்தேன். ராசிங்காபுரத்துப் பெண்கள் தங்கள் ஊர்க் கோயில் எது என்று விரலால் காட்டிச் சண்டை போட்டார்கள். ஒருத்தி காட்டிய இடத்தில் மற்றொருத்திக்கு வெறும் பாறைதான் தெரிந்தது. என் மனைவி அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "சாப்புட்றா" என்றார் அண்ணன். "கரண்டு சரியா இருக்கு. வயர்ல கோளாறு இல்ல. பம்புல இருக்கு, இல்ல பம்பு வாயில இருக்கு."

"பம்புன்னா எவ்வளவுண்ணே?"

"அஞ்சாயிரத்துக்குக் குறையாது. காசு கெடக்கட்டும். இன்னிக்கு ஞாயித்துக்கெழம. தேனியிலயும் கடை இல்ல. பம்பு போயிருந்தா நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாது."

நாளை மத்தியானம் என்றால் ஜீப்புக்காரன். நான் இலையை மடித்து வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து அண்ணன் சாவியைப் போட்டார். அக்கா வாயில் மிளகாயோடு கண்ணாடிப் பக்கம் குனிந்தார். "நாப்பத்தெட்டு! பாரேன், திரும்ப வந்துருச்சு."

"பம்பு செத்திருந்தா இப்படி முழுசா எந்திரிக்காது" என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "உறிஞ்சும்போது ஏதோ வந்து வாய அடைக்குது. உறிஞ்சுறத நிறுத்துனா விட்டுட்டுக் கீழ விழுந்துருது. அப்படித்தான் இருக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "இருக்கணும்னுதான் சொல்றேன். தொறந்து பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

வண்டியைத் திருப்பி இறக்கினோம். மூன்று பெண்களையும் பஸ் ஸ்டாண்டில் விட்டேன். "நாளைக்கு ஆறு மணிக்கு வருவியா, நாங்க ஜீப்புக்கு நிக்கவா?" என்று அக்கா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. இன்னொரு அரை நாளை இழக்க அவரால் முடியாது. அவர் மருமகளுக்கு அது ஒன்பதாவது மாதம். "வர்றேன்க்கா" என்றேன். நம்பிக்கையோடு சொன்னேனா என்று தெரியவில்லை.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன், என் மனைவி, நான். நடு சீட்டுக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றி, டேங்குக்குள்ளிருந்து பம்பை மெல்ல மேலே தூக்கினார். பம்பின் அடியில், உறிஞ்சுகிற வாயில், ஒரு சின்ன வலைப்பை மாட்டியிருந்தது. அழுக்கைத் தடுப்பதற்கு. பை என்று சொல்கிறேனே தவிர, பை தெரியவில்லை. முழுக்க ஏதோ பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருந்தது.

"இதென்னடா, எலவம் பஞ்சு!" என்றார். "பஞ்சு மில்லு பக்கத்துல வச்சா டேங்க் மூடியத் தொறக்குற?" போடியில் இலவம் பஞ்சு பறந்துவந்து சோற்றில்கூட விழும். அதனால் நானும் அதை நம்பத் தயாராக இருந்தேன். பழி பஞ்சு மில்லுக்குப் போனால் எனக்கு நிம்மதிதான்.

என் மனைவி குனிந்து ஒரு கொத்தைப் பிய்த்தாள். விரலால் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எலவம் பஞ்சு வெள்ளையால்ல இருக்கும்? இது நீலம்."

நீலம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தீபாவளிக்கு எஸ்டேட்டில் எல்லா டிரைவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். நல்ல கனமான, மொசுமொசுவென்ற நீலத் துண்டு. அதுவரை கேன் பெட்ரோலை ஒரு பழைய வேட்டிக் கிழிசலில்தான் வடிகட்டிக்கொண்டிருந்தேன். வேட்டி மெல்லிசாயிற்றே, தூசி ஏதாவது நழுவிப் போய்விடுமோ என்று எனக்கு எப்போதும் ஒரு அரிப்பு. கனமான துண்டு கைக்கு வந்ததும் அதை மாற்றிக்கொண்டேன். ஒரு மடிப்பாகக்கூட இல்லை. நாலாக மடித்து.

"தொவச்சீங்களா அத?" என்றாள்.

"புதுத் துண்டு. சுத்தமாத்தான இருக்கும்னு..."

"தொவைக்காத புதுத் துண்டுல நூலு உதிராம என்ன செய்யும்? எங்கிட்டக் கேட்டுருக்கலாம்ல?"

அண்ணன் முதலில் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருசமா அழுக்குப் பெட்ரோல் ஊத்திக் கெட்ட வண்டியப் பாத்திருக்கேன். சுத்தம் பண்ணிக் கெட்ட வண்டிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பம்பு நன்றாகத்தான் இருந்தது. டேங்கைக் காலி செய்து கழுவினோம். அடியில் இன்னும் ஒரு கை நீலப் பஞ்சு கிடந்தது. வலைப்பையை அவரே பொறுமையாக அலசி, ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார். மூன்று மணல் மூட்டையோடு மறுபடி மலை ஏறிப் பார்த்தோம். என் மனைவி பக்கத்து வீட்டுக் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். எட்டாவது வளைவு வரை ஏற்றினேன். நாற்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை.

அன்று வேலைக்குக் கூலி கொடுக்கும்போது அண்ணன் ஒரு யோசனை சொன்னார். பாதி விளையாட்டுத்தான். "எஸ்டேட் கேன்ல அழுக்கு இருந்துச்சு, அதான் அடச்சுக்கிச்சுன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப் பாரேன். தப்பு அவங்கதுன்னா அந்தப் பொம்பளைகளுக்கு அரை நாளத் திருப்பிக் குடுத்தாலும் குடுப்பாங்க."

அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். சொன்னால் நாலு அரை நாள், ஆறு பேருக்கும் திரும்பி வரும். ஆனால் கேனைத் திறந்து பார்த்தால்? ஸ்டோரில் கேனைப் பார்த்துக்கொள்கிற ஆளைத் திட்டினால்? பெட்ரோலே தர வேண்டாம் என்று நிறுத்திவிட்டால்? ஒரு பொய்க்கு எத்தனை கதவைப் போய்த் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டே களைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்கு எஸ்டேட் வாசலில் நின்றோம். வழி நெடுக ஒரு உலுக்கல் இல்லை. நாலாவது வளைவு வந்தபோது ஆறு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தாண்டியதும் யாரோ பின்னால் குலவை போட்டார்கள்.

சூப்பர்வைசர் ரிஜிஸ்டரோடு வந்தார். "எந்தாயிருந்நு கொழப்பம்?" என்ன கோளாறு என்று கேட்கிறார்.

"அது வந்து சார்..." என்றேன். கேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பிறகு, "என் துண்டுதான் சார். நான் பெட்ரோல் வடிகட்டின துண்டு" என்று முழுவதையும் கொட்டிவிட்டேன். நாலு மடிப்பு உட்பட.

அவருக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்போ ஜீப்பு வேண்டா" என்றார். என் ஓட்டம் பிழைத்தது. அதோடு நிற்காமல், பேர் கொடுக்க நின்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? உங்க அரை நாளெல்லாம் இவன் துண்டுலதான் போயி. அத இவன்கிட்ட வாங்கிக்கோ."

சிலமலை அக்கா என்னைத் தனியே இழுத்தார். "ஏண்டா கூறுகெட்டவனே, கேன்ல அழுக்கு இருந்துச்சுன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா எங்க காசு வந்திருக்கும்ல?"

"தோணுச்சுக்கா. பயமா இருந்துச்சு."

"பயப்புடுறவனுக்கு உண்ம எம்புட்டுச் செலவு வைக்கிது பாரு" என்றார். அவருக்கு நிஜமான கோபம். அவர் கையில் அன்றைக்கு மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நான் தர்றேன்க்கா. ஆறு பேருக்கும் நானே தர்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஆளுக்கு எண்ணூறு. ஆறு பேருக்கு நாலாயிரத்து எண்ணூறு. பம்பே வாங்கியிருக்கலாம்.

அந்த வாரமே அக்காவுக்கு முதல் இருநூறைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மற்றவர்களுக்குத் தை, மாசி என்று கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன். ராசிங்காபுரத்துப் பெண்கள் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்து வாங்கினார்கள். அக்காவிடம் மறுபடி நீட்டியபோது மாட்டேன் என்றுவிட்டார். அவருக்குப் பேத்தி பிறந்திருந்தது, கோபமெல்லாம் போயிருந்தது.

"வச்சிரு அப்பு. வாங்கிட்டா அப்புறம் ஒன்னைய எதச் சொல்லி வையிறது?"

அந்தக் காரை விற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஓட்டுகிற வண்டிக்கு, போன் மாதிரி ஒன்றை மாட்டினால் எங்கே கோளாறு என்று எழுத்தாகவே வந்துவிடுகிறது. யாரும் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, யாரும் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் கனகாம்பரத்தோடு வந்து உட்கார வேண்டியதில்லை. அக்காவும் முழங்கால் வலி என்று மலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சிலமலைப் பக்கம் போகும்போதெல்லாம் பணத்தைச் சட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போகிறேன். ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்து, வைதுவிட்டு, பணத்தைத் தொடாமல் அனுப்பிவிடுகிறார். போன மாதமும் அப்படித்தான். ஆகவே இன்னும் பாக்கி, அறுநூறு ரூபாய்.